பழைய தையல் மெஷினை விலை பேசுவதற்கு முன்: அறிகுறி வாரியாக ஒரு சோதனை

சில ஆண்டுகளுக்கு முன்பு மயிலாப்பூரில் ஒரே வாரத்தில் இரண்டு பழைய சிங்கர் மெஷின்களைப் பார்த்தேன். முதல் மெஷினின் சக்கரம் அசையவே மறுத்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பூப்போலச் சுழன்ற இரண்டாவது மெஷினைப் பணம் கொடுத்து எடுத்து வந்தேன். அசையாத மெஷினை வாங்கிய தையற்காரர் இரண்டு நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து அதை ஓட்டிவிட்டார். இன்றும் அதில்தான் ரவிக்கை தைக்கிறார். நான் எடுத்து வந்தது படகு வடிவ ஷட்டில் (மேல்நூலை அடிநூலோடு பிணைக்கும் பாகம்) கொண்ட மிகப் பழைய வகை. அதற்குள் இருந்த ஷட்டில் வேறு ஏதோ மெஷினுக்கு உரியது என்பதும், அந்த வகை ஷட்டிலைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டியிருக்கும் என்பதும் வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது.

ஆகவே மெஷின் காட்டும் அறிகுறி எதுவாக இருந்தாலும், அதற்குக் காரணம் அழுக்கா, இல்லாத பாகமா, தேய்மானமா என்று பிரித்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அழுக்கு என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், கவலைப்பட வேண்டியதில்லை. பாகம் ஒன்று இல்லை என்றால், அது பாரிமுனைப் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் இன்றைக்கும் கிடைக்கக்கூடியதா என்று விசாரிக்க வேண்டும். தேய்மானம் என்றால், தேய்ந்திருப்பது கழற்றி மாற்றக்கூடிய துண்டா, வார்ப்பிரும்பு உடம்போடு ஒட்டிய இடமா என்று பார்க்க வேண்டும். கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியையும் இந்த மூன்றில் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்க்கவே முயன்றிருக்கிறேன்.

மெஷின் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். கைபேசியின் டார்ச் வெளிச்சம், நடுத்தர அளவில் ஒரு ஸ்குரூடிரைவர், 14, 16 எண்களில் புதிய ஊசிகள், சிவப்பிலும் வெள்ளையிலும் ஒவ்வொரு நூல்கண்டு, டூ பை டூ ரவிக்கைத் துணியில் இரண்டு துண்டுகள், பழைய ஜீன்ஸில் ஒரு துண்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சிறு குப்பி ஆகியவை போதும். விற்பவர் ஏற்கெனவே நூல் கோத்து, தைத்துக் காட்டத் தயாராக நிறுத்தி வைத்திருந்தால், அந்த நூலை முழுவதுமாக உருவிவிட்டு, உங்கள் ஊசியைப் பூட்டி, உங்கள் நூலைக் கோத்துத் தொடங்குங்கள். ஒரு குறிப்பிட்ட துணியில், ஒரு குறிப்பிட்ட டென்ஷனில் (நூலின் இறுக்கத்தில்) மட்டும் ஒழுங்காகத் தைக்கும் மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில், இது எந்த வகை?

அறிகுறிகளுக்குப் போகும் முன்பு வகையை அறிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஒரு வகையில் அற்பமாக இருக்கும் பழுது இன்னொரு வகையில் மெஷினையே அலங்காரப் பொருளாக்கிவிடும். ஊசிக்குக் கீழே இடப்பக்கம் உள்ள நகரும் தகட்டைத் திறந்து பாருங்கள். அடிநூல் சுற்றிய வட்டமான பாபின், தனியாகக் கழன்று வரும் பாபின் கேஸுக்குள் இருந்து, இடப்பக்கத்திலிருந்து செங்குத்தாகச் செருகப்பட்டிருந்தால் அது சிங்கரின் 15 கே எனப்படும் வகை. கொல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தயாரித்த உஷா தொடங்கி, மெரிட், ரீட்டா என்று நம் ஊர்த் தெருமுனைத் தையற்கடைகளில் ஓடும் கறுப்பு மெஷின்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பைப் பின்பற்றியவை. அவற்றின் பாபின், பாபின் கேஸ், ஷட்டில், ஊசி எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. முதல்முறையாகப் பழைய மெஷின் வாங்குகிறவருக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான்.

பாபின் மேலிருந்து படுத்தவாறு உள்ளே இறங்கி உட்கார்ந்தால் அது 66 கே அல்லது அதன் சிறிய உருவமான 99 கே ஆக இருக்கலாம். இவற்றின் பாபினின் இருபக்கமும் சற்றே குவிந்திருக்கும். 15 கே பாபினின் பக்கங்கள் தட்டையானவை. ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டு ஓட்டுவதால் வரும் கோளாறுகள் ஏராளம். நீளமான, மெல்லிய பாபின் ஒரு படகுக்குள் படுத்திருந்து, அந்தப் படகு முன்னும் பின்னும் வளைவாக ஓடினால் அது 27, 28, 127, 128 ஆகிய எண்களுள் ஒன்றாக இருக்கும். நான் ஏமாந்தது இதில்தான். இந்த வகையில் ஷட்டிலும், குறைந்தது இரண்டு பாபின்களும் மெஷினோடு இல்லையென்றால் மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம்.

சிங்கர் மெஷின்களில் வரிசை எண், துணி வைக்கும் மேடையின் வலப்பக்கத்தில், மேலே எழும் தூணின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். 1900ஆம் ஆண்டுக்கு முந்தைய எண்களுக்கு முன்னால் எழுத்து இராது. அதன் பிறகு ஒன்று அல்லது இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். 15 கே, 66 கே என்பவற்றில் வரும் 'கே', ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். 1980இல் மூடப்படும்வரை அந்த ஒரே தொழிற்சாலையிலிருந்து கோடிக்கணக்கில் மெஷின்கள் உலகெங்கும் போயின. ஆகையால் 'நூறு வருஷத்து மெஷின் சார், வேறெங்கேயும் கிடைக்காது' என்ற பேச்சுக்குக் காதை மட்டும் கொடுங்கள், பணத்தைக் கொடுக்க வேண்டாம். 2009ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் மெஷின்களுக்குள் 'சிவப்புப் பாதரசம்' என்ற கற்பனைப் பொருள் இருக்கிறது என்ற வதந்தி கிளம்பி விலை தாறுமாறாக ஏறியது. நம் ஊர் ரைஸ் புல்லிங் கலச மோசடிக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. ஊசித் தண்டுக்குள் இருப்பது இரும்பும் எண்ணெயும்தான்.

சக்கரம் அசையவே இல்லை

விற்பவர்கள் வெட்கப்படும் அறிகுறி இது. வாங்குகிறவர் அஞ்சத் தேவையில்லாததும் இதுவே. பெரும்பாலும் காரணம் காய்ந்த எண்ணெய். நம் வீடுகளில் தையல் மெஷின் எண்ணெய் தீர்ந்துபோனால் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ விடும் பழக்கம் உண்டு. அது சில காலம் வழுக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு சிக்கு வாடையோடு பிசினாக இறுகிவிடும். இதோடு ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் எண்ணெய்த் துளைகளை அடைத்திருக்கும். எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர் ஒரு மெஷினின் துளைகளிலிருந்து ஊசிமுனையால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, 'சாமி கும்பிட்டாங்க, எண்ணெய் விட மறந்துட்டாங்க' என்றார்.

சக்கரத்தைப் பலம் கொண்டமட்டும் திருப்பாதீர்கள். முன்னும் பின்னும் மிக மெதுவாக அசைத்துப் பாருங்கள். இரு திசையிலும் நூலிழை அளவாவது அசைந்து, அந்த அசைவு களிம்பில் கை வைத்ததுபோல் மந்தமாக இருந்தால், அது பிசின் இறுக்கம். மண்ணெண்ணெயும் பொறுமையும் போதும். அதற்குப் பிறகு எல்லாத் துளைகளிலும் தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும், ஏனெனில் மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைத்துவிட்டு உலோகத்தை வறண்டதாக விட்டுப் போய்விடும். அசைவே இல்லாமல் கல்போல நின்றால், தகட்டைத் திறந்து ஷட்டில் ஓடும் வளையத்தைப் பாருங்கள். அங்கே நூல் சிக்கியிருந்தால் கவலையில்லை. செம்பழுப்புத் துருவேறி ஷட்டிலும் வளையமும் ஒட்டியிருந்தால், 15 கே வகையில் இரண்டையும் மாற்றலாம், மற்றவற்றில் யோசிக்க வேண்டும். மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து அடியிலுள்ள தண்டுகளையும் பாருங்கள். தண்டுகள் வழவழவென்று இருந்து, மூட்டுகளில் மட்டும் மஞ்சள் பழுப்புப் பிசின் படிந்திருந்தால், நல்ல மெஷினை மோசமான மெஷினின் விலைக்குக் கேட்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை

சக்கரத்தின் நடுவிலுள்ள வட்டத் திருகு தளர்ந்திருக்கும். பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஓடாமல் இருப்பதற்காகவே அந்த ஏற்பாடு. அதை இறுக்கியும் பயனில்லையென்றால், அதன் பின்னாலுள்ள காதுகள் கொண்ட வாஷரை யாரோ கழற்றித் தவறாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். எடுத்து அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை. இதையே பெரும் பழுதாக எண்ணி, அடிமாட்டு விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இடிக்கிறது

பிசின் இறுக்கம் சுற்று முழுதும் பரவியிருக்கும். ஒரே புள்ளியில் வரும் இடி வேறு கதை. முதலில் ஊசியைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். இடி நின்றுவிட்டால் ஊசி வளைந்தது, நீளம் மாறியது, அல்லது தகட்டின் துளை ஓரத்தில் இடிக்கிறது. நிற்காவிட்டால் பாபின் கேஸையும் ஷட்டிலையும் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது நின்றால், ஷட்டில் வளையத்தின் பின்னால் நூல் துண்டு அடைத்திருக்கிறது. இரண்டும் இல்லாத நிலையிலும் அதே இடத்தில் இடித்தால், வளைந்த தண்டோ, வழுக்கிப்போன திருகோ உள்ளே இருக்கிறது. அதைச் சாலையோரத்தில் நின்று கண்டுபிடிக்க முடியாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் இந்த நிலையில் வாங்குவதில்லை.

தையல் விட்டுவிட்டு விழுகிறது

பத்துத் தையலில் மூன்று விழாமல் போவதற்கு முதற்காரணம் ஊசிதான் என்று மெஷின் தெரிந்த எவரும் சொல்வார். ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் ஓடும். நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் காதுக்குள் நுழைய வேண்டும். தண்டின் தட்டையான முகம் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும். 15 கே வகையில் நூல் வலமிருந்து இடமாகக் கோக்கப்படும் என்பதால் தட்டை முகம் இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். 66 கே வகையில் இது தலைகீழ். தற்கால மெஷினில் பழகியவர்கள் தட்டை முகத்தைப் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டு, 'மெஷின் தைக்கவில்லை' என்று விற்றுவிடுகிறார்கள்.

உங்கள் ஊசியைச் சரியாகப் பூட்டிய பிறகும் தையல் விட்டால், அடுத்து ஷட்டிலின் கூர்முனையைப் பாருங்கள். ஊசி தன் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மேலே கிளம்பும் கணத்தில், நூல் சிறு வளையமாக விரியும். அந்த வளையத்தைக் கூர்முனை பிடித்துக்கொள்வதால்தான் தையலே உண்டாகிறது. முனை ஊசியின் காதுக்குச் சற்று மேலே, ஊசியை உரசாமல் உரசுவதுபோல் கடக்க வேண்டும். சக்கரத்தை உங்களை நோக்கி மெல்லச் சுற்றி, டார்ச் வெளிச்சத்தில் இந்தச் சந்திப்பைக் கண்ணால் பார்ப்பது, எந்த உத்தரவாதப் பேச்சையும்விட நம்பத்தக்கது. முனை மழுங்கியிருந்தால், நகத்தை அதன்மேல் ஓட்டும்போது கூர்மை தெரியாது, அல்லது சிறு பிசிறு தட்டுப்படும். 15 கே வகையில் ஷட்டில் மலிவான உதிரிபாகம். முனை நன்றாக இருந்தும் அது காதுக்கு மிக மேலேயோ கீழேயோ கடந்தால், யாரோ ஊசித் தண்டைத் தளர்த்தி வேறு ஊசிக்காக ஏற்றியோ இறக்கியோ வைத்திருக்கிறார்கள். இதை மெக்கானிக் ஒருவர் ஒரே அமர்வில் சரிசெய்துவிடுவார்.

கவலைப்பட வேண்டிய தேய்மானம் ஒன்று இங்கே உண்டு. ஊசித் தண்டை விரல்களால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் எல்லாப் பழைய மெஷினிலும் இருக்கும். டக்டக்கென்று சத்தம் கேட்கும் அளவுக்கு ஆடினால், தண்டு ஓடும் துளையே அகன்றுவிட்டது. ஊசி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் இறங்கும். பல ஆண்டுகள் ஏற்றுமதித் துணிக்கோ பள்ளிச் சீருடைக்கோ நாள் முழுதும் மோட்டாரில் ஓடிய மெஷின்களில் இதைக் காணலாம். வெளித்தோற்றம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

துணியின் அடியில் நூல் சுருள் சுருளாகத் தொங்குகிறது

அடியில் தெரியும் குற்றத்துக்கு மேலேதான் காரணம் இருக்கும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை என்று இரண்டு நிறங்களில் நூல் கோக்கச் சொன்னது இதற்காகவே. துணியின் அடியில் சிவப்பு வளையங்கள் தெரிந்தால் மேல்நூலின் இழுப்பு போதவில்லை. மேற்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் எழுந்தால் மேல்நூல் அதிக இறுக்கம், அல்லது பாபின் கேஸின் பிடி தளர்வு. ஃபுட்டை (துணியை அமுக்கும் பாதத்தை) தூக்கிய நிலையில் நூலை டென்ஷன் தகடுகளுக்கு இடையே ஆழமாக இழுத்து உட்கார வைத்துவிட்டு மறுபடி தைத்துப் பாருங்கள். பாதிக் கோளாறுகள் இதிலேயே மறைந்துவிடும்.

மறையவில்லையென்றால், டென்ஷன் தகடுகளின் ஓரத்திலுள்ள மெல்லிய கம்பிச் சுருளைக் கவனியுங்கள். அது ஒடிந்திருந்தால் ஒவ்வொரு தையலிலும் நூல் தளர்ந்து சுருளும். டென்ஷன் முழுவதுமே ஒரு தொகுப்பாகப் புதிதாகக் கிடைப்பதால் இது குறைதான், குற்றமன்று. பாபின் கேஸைச் சோதிக்க, அதிலிருந்து வரும் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு, மணிக்கட்டை ஒரு முறை சொடுக்குங்கள். சற்றே இறங்கி நிற்க வேண்டும். தடதடவென்று தரைவரை வந்தால் தளர்வு, அசையாமலே தொங்கினால் இறுக்கம். பக்கவாட்டிலுள்ள சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினாலே மாற்றம் தெரியும்.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

உங்கள் புதிய நூலிலும் அறுந்தால், நூல் போகும் வழியெங்கும் அதே நூலைக் கையால் இழுத்து, எங்கே சொரசொரப்பு என்று பாருங்கள். ஊசித் தகட்டின் துளை ஓரத்தில் ஊசி இடித்த தழும்புகள் இருக்கும்; நுண்ணிய உப்புக் காகிதத்தால் தேய்த்துவிடலாம், தகட்டையே மாற்றவும் செய்யலாம். இந்த அறிகுறியால் ஒரு மெஷினை மறுக்க எனக்கு இதுவரை நேர்ந்ததில்லை.

துணி நகரவில்லை, அல்லது கோணலாக நகர்கிறது

தையல் நீளத்தை மாற்றும் திருகு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, ஊசித் தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையே பாருங்கள். பல ஆண்டுப் பஞ்சு எண்ணெயில் ஊறி, நமுத்த கம்பளிபோல் இறுகிக் கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்ததுமே பல மெஷின்கள் உயிர் பெற்றுவிடும். பற்கள் விரலுக்குக் கூர்மையாகத் தட்டுப்பட வேண்டும். மழுங்கியிருந்தால் மெல்லிய டூ பை டூ துணி வழுக்கும், ஜீன்ஸ் மட்டும் நகரும். பல் மாற்றக்கூடிய பாகம். ஃபுட்டின் அழுத்தம் குறைந்திருந்தால், தலைப்பகுதியின் உச்சியிலுள்ள திருகை இறுக்கிப் பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மெஷின்கள் நேர்த்தையலுக்காகச் செய்யப்பட்டவை. ரவிக்கை, பாவாடை, திரைச்சீலை, புடவை ஓரம், பள்ளிச் சீருடை எல்லாவற்றுக்கும் இவற்றைவிடச் சீரான தையல் தரும் வீட்டு மெஷின் அரிது. லெக்கிங்ஸ், டி ஷர்ட் போன்ற இழுபடும் துணிகளைத் தைக்கவே நீங்கள் வாங்குவதானால், எல்லாச் சோதனையிலும் தேறிய மெஷினும் உங்களுக்குப் பயன்படாது.

சத்தம் அதிகம்

சத்தத்தில் தரம் உண்டு. சீரான கடகடப்பு என்றால் எண்ணெய் இல்லை. துளைகளில் இரண்டு துளி விட்டு, ஒரு நிமிடம் ஓட்டினால் குறையத் தொடங்கும். சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று கேட்டால் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கலாம். தலைப்பகுதியைக் கையால் அமுக்கிக்கொண்டு ஓட்டுங்கள். சத்தம் நின்றால் அது மெஷினுடையதன்று, மரப்பலகையும் கீலும் எழுப்பியது. உலோகம் உலோகத்தைக் கடிக்கும் கிரீச்சென்ற ஒலி எண்ணெய் விட்ட பிறகும் தொடர்ந்தால், அதை அழுக்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

காலால் மிதிக்கும் ஸ்டாண்டில் வரும் சத்தத்தைத் தனியே பிரித்துக் கேட்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மிதித்தால் ஸ்டாண்டின் குரல் மட்டும் கேட்கும். பெரிய சக்கரத்தின் அச்சும், மிதியையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியும் இறுக்கிச் சரிசெய்யக்கூடியவை. தோல் பெல்ட் வழுக்கினால் சிறிது வெட்டி மறுபடி கொக்கி போடலாம். ஐப்பசி மழையில் தோல் இளகித் தொய்வதும், பங்குனி வெயிலில் மறுபடி இறுகுவதும் இந்த ஊரில் வழக்கம்தான். ஸ்டாண்டையும் தலையையும் (அதன்மேல் உட்காரும் மெஷினையும்) தனித்தனியே வாங்கிச் சேர்க்கப் போகிறவர்கள் அளவைக் கவனிக்க வேண்டும். 28, 128, 99 ஆகிய எண்கள் முழு அளவில் முக்கால் பங்கே இருப்பவை. 15, 66, 27 ஆகியவற்றுக்கான பலகையில் அவை உட்காரா. சாப்பாட்டு விடுதிகளும் துணிக்கடைகளும் ஸ்டாண்டை மேசைக் காலாக வாங்கிப் போவதால், நல்ல தலைகள் ஸ்டாண்டை இழந்து அனாதையாகச் சுற்றுவதும் அதிகமாகிவிட்டது.

மோட்டார் ஓடவில்லை, அல்லது தொட்டால் சுரீரென்கிறது

மோட்டார் பூட்டிய பழைய மெஷினை விற்பவர் பிளக்கைச் செருகுவதற்கு முன்பே நிறுத்துங்கள். ஒயரை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். பழைய ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தால், அந்த மெஷினை அன்று மின்சாரத்தில் சோதிக்க வேண்டாம். கையால் சுற்றியே மற்றவற்றைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மெஷினாக இருந்தால், மோட்டார்மேலுள்ள தகட்டில் 110 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும்; இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும். ஒயர் நல்ல நிலையில் இருந்து, ஓடும்போது உடம்பில் டெஸ்டர் வைத்தால் விளக்கு எரிந்தால், மின்கசிவு இருக்கிறது. வெளியே தனியாகப் பூட்டிய மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது பூட்டலாம் என்பதால், அதன் பழுது மெஷினின் பழுதாகாது. தூணுக்குள்ளேயே மோட்டார் பொதிந்த வகைகளில் அந்த வசதி இல்லை. அவற்றை மின்வேலை தெரிந்த ஒருவரோடு போய்ப் பாருங்கள்.

துரு, விரிசல், புது வண்ணம்

கடற்காற்று படும் ஊரில் துருவே இல்லாத பழைய மெஷினைத் தேடுவது வீண். சக்கரத்தின் பளபளப்பான விளிம்பிலும் முகத்தகட்டிலும் புள்ளிப் புள்ளியாக இருக்கும் துரு தோலோடு போவது. ஊசித் தண்டிலும் ஷட்டில் வளையத்திலும் குழி விழுந்திருந்தால் மட்டும் அது உள்ளே இறங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய மெஷினின் துரு இன்னொரு விதம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அப்போது மூழ்கி, பிறகு துடைத்து எண்ணெய் பூசப்பட்ட மெஷின்களும் சந்தைக்கு வரக்கூடும். அடையாளம் எளிது. ஸ்டாண்டின் மரப்பலகையில் ஒரே உயரத்தில் ஒட்டுப்பலகை இதழ் இதழாகப் பிரிந்திருக்கும். தூணின் பின்பக்கத்து வட்ட மூடியைத் திறந்தால் உள்ளே மெல்லிய வண்டல் படிந்து காய்ந்திருக்கும். வெளியிலுள்ள துருவைத் தேய்த்துவிடலாம், ஆனால் மூட்டுகளுக்குள் போன வண்டல் உப்புக் காகிதத்தின் வேலையை நாள்தோறும் செய்துகொண்டிருக்கும். மெஷின் முழுவதையும் பிரித்துக் கழுவத் தெரிந்தவர் மட்டுமே இதை வாங்க வேண்டும்.

கீழே விழுந்த மெஷினுக்குக் கீல் பொருந்தும் பின்பக்க மூலைகளில் விரிசல் இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்பு விரிசலை ஒட்டவைத்து ஓட்டுவது செலவுக்குத் தகாது. இந்த ஓர் அறிகுறிக்கு எந்த வகையிலும் விதிவிலக்குத் தர மாட்டேன்.

புது வண்ணம் எனக்கு எப்போதும் சந்தேகம் தரும். வண்ணத்தோடு எண்ணெய்த் துளைகள் மூடிப் போயிருக்கும். வரிசை எண்ணின் பள்ளங்கள் நிரம்பியிருக்கும். திருகுகளின் தலையும் கறுப்பாகவே இருக்கும். எதை மறைக்க இவ்வளவு உழைப்பு என்று கேட்டுப் பாருங்கள். அசல் பொன்னிறப் பூவேலை பாதி தேய்ந்திருந்தாலும் அதுவே மேல். அதைத் துடைக்க விற்பவர் தின்னரையோ ஸ்பிரிட்டையோ எடுத்தால் தடுத்துவிடுங்கள். மேற்பூச்சோடு பூவேலையும் துணியில் வந்துவிடும். துளி எண்ணெய் நனைத்த மென்துணி போதும்.

விலை

கண்டுபிடித்த குறைகளை ஒரு தாளில் எழுதி, பாகத்தின் விலையையும் மெக்கானிக்கின் கூலியையும் பக்கத்தில் போட்டுக் கூட்டுங்கள். பாபின் கேஸ், ஷட்டில், டென்ஷன் தொகுப்பு ஆகியவற்றின் விலையைப் பாரிமுனையில் ஒரு கடையில் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் பேரம் பேசும்போது குரல் தடுமாறாது. கூட்டுத்தொகையும் கேட்கும் விலையும் சேர்ந்து, ஸ்டாண்டோடு கூடிய புதிய கறுப்பு உஷாவின் விலையைத் தாண்டினால், தையலுக்காக அன்று, அந்தப் பூவேலைக்காகத்தான் பணம் கொடுக்கிறீர்கள். அதுவும் தவறில்லை; வீட்டில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் சரி.

விலை முடிந்ததும், சின்ன யானை பிடிக்கப் போகும் முன்பு, பெல்ட்டைக் கழற்றி, ஊசியை எடுத்துவிட்டு, தலைப்பகுதி பின்னால் சாயாதபடி கயிற்றால் கட்டச் சொல்லுங்கள். பாபின் கேஸையும் ஷட்டிலையும் அங்கேயே கழற்றி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான் சோதித்த நாளுக்கும் மெஷின் வீட்டுக்கு வந்த நாளுக்கும் இடையில் இந்த இரண்டும் வேறாக மாறியிருந்ததை ஒரு முறை பார்த்துவிட்டேன்.